வானிலை முடிந்ததும் வண்டி கிளம்பும்

பெர்ச் லேக் கல்லூரியில் படித்த அத்தனை பேரும் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள்தான். விடுதி என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் டிராக்டர் விற்கிற கடை, இன்னொரு பக்கம் வெட்டித் தீர்த்த காடு, நடுவில் மூன்று செங்கல் கட்டடங்கள், மூன்றையும் சேர்த்தால்கூட அதைவிடப் பெரிய வண்டி நிறுத்துமிடம். இப்படிப்பட்ட கல்லூரியில் போய் ‘தூரத்திலிருந்து வருவோர் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தாள் மார்லிஸ் கங்காஸ். மீன்களெல்லாம் கூடி நீச்சல் சங்கம் வைத்த மாதிரி இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. “லீராய், உனக்கு நாளைக்குக் காலையில வண்டி வேணுமா வேண்டாமா?” என்று மட்டும் கேட்டாள். வேண்டும் என்றேன். அப்படித்தான் நான் உறுப்பினரானேன்.

எனக்கு வண்டி வேண்டியிருந்தது. மிச்சிகனின் வட கோடியில், எங்கள் ஊர்க் காகித ஆலையில் கால் நூற்றாண்டு உழைத்தவன் நான். ஆலையை மூடினார்கள். ஐம்பது வயதுக்கு மேல் போய் வீடு சூடாக்கும் உலைகளைப் பழுது பார்க்கப் படி என்று அரசாங்கம் அனுப்பி வைத்தது. படிக்கப் போகலாம், ஓட்டிக்கொண்டு போக முடியாது. குடித்துவிட்டு ஓட்டியதற்காக என் லைசென்ஸை ஒரு நீதிபதி பிடுங்கி வைத்திருந்தார். அவர் செய்தது நியாயம்தான், அதில் எனக்கு வழக்கில்லை.

அந்தக் கல்லூரியில் மதியம் ஒரு மணி நேரம் எந்த வகுப்பும் நடக்காது. அதற்குச் சங்க நேரம் என்று பெயர். சீட்டாடுகிறவர்களுக்கு ஒரு சங்கம், மான் வேட்டைக்காரர்களுக்கு ஒன்று, பைபிள் படிப்பவர்களுக்கு ஒன்று. மற்ற நேரத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. அவரவர் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வண்டி இல்லாத ஒரு பெண் கழிப்பறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்ததை மார்லிஸ் ஒரு நாள் பார்த்தாள். அங்கேதான் குளிரவில்லை என்றாளாம் அந்தப் பெண். மறுநாளே மார்லிஸ் அலுவலகத்தில் போய் நின்று, சங்கம் என்று பெயர் கொடுத்து, பழைய நகலெடுக்கும் அறையை வாங்கிவிட்டாள். ஜன்னல் இல்லாத அறை. யாரோ தூக்கிப் போட்ட சோபா, ஒரு காபிக் கெட்டில், சுவரில் மாவட்ட வரைபடம். அவரவர் வீடு இருக்கிற இடத்தில் கலர் ஊசி குத்த வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் குத்தியிருக்கிற ஊசிகளெல்லாம் ஒரே வண்டியில் வர வேண்டும். சங்கத்தின் வேலை அவ்வளவுதான். வேட்டைக்காரர் சங்கத்தில்கூட அத்தனை பேர் சேர்ந்ததில்லை.

எங்கள் ஊசிகள் வரைபடத்தின் மேல் விளிம்பில் இருந்தன, எல்லாரையும்விடத் தூரத்தில். மார்லிஸ்தான் ஓட்டுவாள். நெடுஞ்சாலைச் சந்திப்பில் மீன் பிடிக்க இரை விற்கிற கடை ஒன்று உண்டு. காலையில் அதன் வாசலில் அவளுடைய பழைய ஸ்டேஷன் வேகன் நிற்கும். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். செய்தி வரும், செய்திக்குப் பின் வானிலை வரும். வானிலை முடிந்ததும் வண்டி கிளம்பும். அதுதான் சட்டம், அவள் போட்ட சட்டம். ரேடியோக்காரன் “இன்னைக்கு அவ்வளவுதான்” என்று சொல்லும்போது கதவு திறந்திருந்தாலும் சரி, ஒரு கால் வெளியே இருந்தாலும் சரி, கியர் விழுந்துவிடும். ஒருமுறை என்னை விட்டுவிட்டுப் போனாள். ட்ரீனா என்று பத்தொன்பது வயசுப் பெண், பாலர் பள்ளி ஆசிரியைக்குப் படிக்கிறவள், ஈரத் தலையோடு வண்டிக்குப் பின்னால் ஓடி, தலைமுடி கம்பியாக உறைந்து, அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். மறுநாள் எவ்வளவு கெஞ்சினாலும் மார்லிஸின் பதில் ஒன்றேதான்.

“ஒருத்தருக்காக நின்னா நாலு பேருக்கும் போச்சு.”

அவளைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். அவளுக்கும் போய்விடக்கூடிய ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

மார்லிஸுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் உதவியாள். தூக்குவது, துடைப்பது, ஊட்டுவது, இறந்தவர்களுக்கு முகம் கழுவி விடுவது. முதுகு போய்விட்டது. கணவன் போய்விட்டான், அதற்கு அவள் வருந்தியதாகத் தெரியவில்லை. வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு மகள். அந்த இல்லத்தையும் கோடைக்குள் மூடப் போகிறார்கள் என்று ஊர் முழுக்கத் தெரியும். செவிலியர் படிப்பை முடித்து உரிமம் வாங்கினால் நகரத்து ஆஸ்பத்திரியில் நாளைக்கே வேலை. வாங்காவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வேறு என்ன இருக்கிறது, மோட்டல் அறைகளில் படுக்கை விரிக்கிற வேலை ஒன்றைத் தவிர.

முன்பு ஒருமுறை அந்தப் படிப்பில் சேர்ந்து பாதியில் நின்றிருந்தாள். மகளுக்குக் குடல்வால் வெடித்த வருஷம் அது. நின்றவர்களை ஒரே ஒரு தடவைதான் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு தடவை இதுதான்.

செய்முறை வகுப்பு நடத்திய மிஸஸ் ஹாக் என்கிற அம்மாள், மணி அடித்ததும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். நோயாளி உனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க மாட்டான் என்பது அவள் வாதம். மூன்று முறை தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றால் படிப்பிலிருந்து நீக்கம். மார்லிஸ் அதுவரை இரண்டு முறை நின்றாயிற்று. ஒன்று, அக்டோபரில் சாலையின் குறுக்கே பாய்ந்த மான். இன்னொன்று, மழை விழுந்து விழுந்தவுடனே பனிக்கட்டியாகி, மரம் ஏற்றிய லாரி ஒன்று சாலை முழுக்கப் படுத்துக்கொண்ட நாள். இரண்டிலும் அவள் குற்றம் ஒன்றுமில்லை. குற்றம் யாருடையது என்று தாழ்ப்பாள் கேட்குமா?

அவள் வண்டியின் பின்பக்கத்தில் எப்போதும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே ஒரு ஜோடி வெள்ளை ஷூ. வெளியே மிதித்த ஷூவோடு செய்முறை அறைக்குள் வரக்கூடாது என்பது மிஸஸ் ஹாக்கின் இன்னொரு சட்டம். மார்லிஸ் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போவாள், அறை வாசலில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வாள், முடிந்ததும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பெட்டியில் வைப்பாள். சாலையில் கொட்டுகிற உப்பு ஒரு பொட்டு அதன்மேல் பட்டதில்லை. உரிமம் வாங்கினால் அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு பனியில் ஆடப் போவதாக ஒருமுறை சொன்னாள். அவள் சொன்ன நகைச்சுவை என்று எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

ஜனவரியில் எங்கள் வண்டியில் நாலாவது ஆளாக நடீன் சேர்ந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மலைமேல், லாரியில் கட்டி இழுத்து வந்து நிறுத்திய இழுவை வீடு ஒன்றில் கணவன் ரஸ்ஸோடு இருந்தாள். கணக்கெழுதப் படிக்க வந்தவள். வண்டியில் யாரோடும் பேச மாட்டாள், கையை மடியிலேயே வைத்திருப்பாள். இலையுதிர் காலத்தில் அவளுடைய கார்ச் சாவியை ரஸ் ஏரியில் வீசியெறிந்தான் என்பது இரை கடைக்காரன் சொல்லி எங்களுக்குத் தெரியும். வீட்டுத் தொலைபேசியையும் அவன்தான் எடுத்துவிட்டான். பிப்ரவரியில் ஒரு நாள் நடீனுடைய கழுத்தோரம் அடிபட்டுக் கன்றி மஞ்சள் பூத்த ஒரு தடத்தைப் பார்த்தோம். ட்ரீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். மார்லிஸ் ரேடியோவை அணைத்துவிட்டு நேராகவே கேட்டாள். நடீன் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“நான் காலையில வரலைன்னா, நானா வராம இருக்கலைன்னு வெச்சுக்கோங்க.”

மார்லிஸ் சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் அவளுக்கு வினையாக வந்தது.

அதே மாதக் கடைசியில் செய்முறைத் தேர்வு நாள். முந்தின இரவு முழுக்கப் பனி. மார்லிஸ் வழக்கம்போல் இல்லத்தில் இரவு வேலை முடித்து, அதே உடுப்போடு வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. ஊசி போடும் வரிசையை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முன் இருக்கையில். ட்ரீனா பின்னால், கம்பளிக்குள் சுருண்டு. ரேடியோவில் பனிக்காக மூடின பள்ளிகளையும் தாமதமாகத் திறக்கிற பள்ளிகளையும் அகர வரிசையில் வாசித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் குளிர்காலம் முழுக்க இதைக் கேட்டுத்தான் பல் துலக்குவோம். “பெர்ச் லேக், ரெண்டு மணி நேரம் தாமதம்” என்றான். எங்கள் காதில் அது விழவே இல்லை. அது ஊர்ப் பள்ளிகளுக்குச் சொன்னது. கல்லூரிக்கு என்றால் பெர்ச் லேக் கல்லூரி என்று கடைசியில் தனியாகச் சொல்வான். அதுவும் எப்போதாவதுதான், ஏனென்றால் எங்கள் கல்லூரி வானம் இடிந்து விழுந்தாலும் திறந்திருக்கும்.

வானிலை ஆரம்பித்தது. நடீன் வரவில்லை. வடமேற்குக் காற்று, மாலைக்குள் இன்னும் பனி, “இன்னைக்கு அவ்வளவுதான்.”

மார்லிஸின் கை கியர்மேல் இருந்தது. கியர் விழவில்லை.

போகலாம் என்றேன். அவள் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு இன்றைக்கு என்ன நாள் என்று நினைவிருக்கிறதா என்றேன். ஷெரீப்புக்கு இரை கடையிலிருந்து போன் செய்யலாம் என்றாள் ட்ரீனா. ஓடிப்போய்ச் செய்தும் பார்த்தாள். சாலையெல்லாம் வண்டிகள் பள்ளத்தில் கிடக்கின்றன, முடிந்தபோது ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம். அதைக் கேட்டுவிட்டு மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். நான் குரலை உயர்த்தினேன்.

“நீ போட்ட சட்டம்தானே? ஒருத்தருக்காக நின்னா நாலு பேருக்கும் போச்சுன்னு நீதானே சொன்ன?”

“சொன்னேன்.”

“அப்புறம்?”

“தூங்கிப்போறவங்களுக்குச் சொன்னேன், லீராய்.”

வண்டியை மலைப்பக்கம் திருப்பினாள்.

பனி வாரும் வண்டி அந்தப் பாதைக்கு இன்னும் வரவில்லை. கடைசி வளைவில் சக்கரம் சுழன்று நின்றுவிட்டது. மார்லிஸ் இறங்கி முழங்கால் பனியில் நடக்க ஆரம்பித்தாள். நானும் பின்னாலேயே போனேன், கையில் ஜாக்கிக் கம்பியோடு. இரண்டு முறை விழுந்தேன். எழுந்திருக்கும்போதெல்லாம் அந்தப் பயல் ரஸ்ஸின் மண்டையை எந்தப் பக்கம் பிளப்பது என்று யோசித்துக்கொண்டே எழுந்தேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. இழுவை வீட்டின் ஜன்னலில் மஞ்சள் விளக்கு. சத்தமே இல்லை. மார்லிஸ் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

ரஸ் கதவைத் திறந்தான். கையில் தோசைத்திருப்பி மாதிரி ஒன்று. உள்ளேயிருந்து மேப்பிள் பாகும் வெண்ணெயும் மணத்தன. நடீன் குளியல் அங்கியோடு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டு அப்பம்.

“அட, மார்லிஸா! வாங்க, உள்ள வாங்க. இன்னைக்குக் காலேஜ் ரெண்டு மணி நேரம் லேட்டாமே, ரேடியோல சொன்னானே. சரி, பொண்டாட்டிக்கு ஒரு நாளாவது சமைச்சுப் போடலாம்னு பார்த்தேன்.”

மார்லிஸ் வாசலிலேயே நின்றாள். முழங்கால் வரை வெள்ளையாக இருந்தாள். மூச்சு வாங்கினாள்.

“அது ஸ்கூலுக்குச் சொன்னது, நடீன்,” என்றாள். “நமக்கு இல்ல.”

நடீன் என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு மார்லிஸைப் பார்த்தாள். என்ன நடந்தது என்பது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அங்கிமேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் துணியைச் சுருட்டிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் பனியில் ஓடினாள். ரஸ் பின்னாலிருந்து, காபியாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றான். அவன் அன்றைக்குத்தான் மனுஷனாக இருக்க வேண்டுமா?

மூன்று பேர் தள்ளி வண்டியைத் திருப்பினோம். நெடுஞ்சாலைக்கு வந்தால் முன்னால் பனி வாரும் வண்டி. அதைத் தாண்ட முடியாது, தாண்டினால் பள்ளம்தான். ஆரஞ்சு விளக்கு சுழல, அது மாடு மேய்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மார்லிஸ் ஹாரன் அடிக்கவில்லை, திட்டவில்லை, அழவில்லை. ஊசி போடும் வரிசையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவு, நோயாளியின் பெயரைக் கேள், கைப்பட்டையைப் பார். பின் இருக்கையில் நடீன் முகத்தைக் கம்பளியில் புதைத்து, மன்னிச்சிடுங்க மன்னிச்சிடுங்க என்று முனகிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் ட்ரீனா அவள் வாயைக் கையால் பொத்தினாள், கோபத்தாலா ஆறுதலுக்கா என்று தெரியவில்லை.

கல்லூரி வாசலில் வண்டி நிற்கும் முன்பே மார்லிஸ் இறங்கிவிட்டாள். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது தாழ்ப்பாள் விழுந்து நேரமாகியிருந்தது. கதவில் சின்னக் கண்ணாடிச் சதுரம் ஒன்று உண்டு. அதன் வழியாக மிஸஸ் ஹாக் மார்லிஸைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகத் தலையை இல்லை என்று ஆட்டினாள். அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்ததா என்று என்னைக் கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் அவள் திறக்கவில்லை.

மார்லிஸ் நடைபாதைத் தரையில் உட்கார்ந்து ஈர பூட்ஸைக் கழற்றினாள். வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டாள். கயிற்றை இழுத்துக் கட்டினாள். பிறகு எழுந்து, அந்தக் கண்ணாடிச் சதுரத்துக்கு நேராக, தேர்வு முடியும்வரை நின்றாள். வா, போய் உட்காரலாம் என்று நான் தோளைத் தொட்டேன். தோள் மரக்கட்டையாக இருந்தது. உள்ளே ஒவ்வொருத்தியாகப் பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் உதடு அவர்களோடு சேர்ந்து அசைந்தது.

நடீன் தானாகவே கல்லூரி டீனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாளாம். சாவி, தொலைபேசி, கழுத்து, அப்பம், ஒன்றையும் விடவில்லை. எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவள். டீன் வருந்தினார். ஷெரீப்பிடம் புகார் கொடு, நானே உன்னோடு வருகிறேன் என்றாராம். ஆனால் விதி விதிதான், திரும்பச் சேர்த்துக்கொள்வது ஒருமுறைதான், போன மாதம் வேறொரு பெண்ணுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன் என்றாராம். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மிஸஸ் ஹாக்கா? ரேடியோவில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனவனா? பெயரைச் சரியாகக் கேட்காத நடீனா? வருஷத்தில் ஒரே ஒரு நாள் நல்லவனாக இருந்த ரஸ்ஸா? எல்லோர்மேலும் கோபப்பட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கும் சங்க நேரம் வந்தது. மார்லிஸ் அறைக்கு வந்து, நின்றபடியே, தலைவியாக இருப்பவர் மாணவராக இருக்க வேண்டும் என்பதால் இனி ட்ரீனா பார்த்துக்கொள்வாள் என்றாள். காபிக் கெட்டிலைக் கழுவாமல் போகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். வரைபடத்தில் தன் ஊசியைப் பிடுங்கப் போனாள். ட்ரீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “அதைத் தொடாதீங்க, மார்லிஸ்” என்றாள். சோபாவில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் எங்களுக்குப் படிப்பு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எனக்கு லைசென்ஸ் இல்லை, ட்ரீனாவுக்கு வண்டி இல்லை, நடீனுக்குச் சாவி இல்லை. இருந்தும் பழக்க தோஷத்தில் சந்திப்புவரை நடந்து போனேன். இரை கடை வாசலில் ஸ்டேஷன் வேகன் புகை விட்டுக்கொண்டு நின்றது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ட்ரீனா ஏற்கனவே உள்ளே. நடீன் விடியும் முன்பே மலையிலிருந்து நடந்து வந்து, ஏறத் தைரியமில்லாமல் வெளியே பனியில் நின்றிருந்தாள்.

இனி உனக்கு அங்கே என்ன வேலை, எதற்காக வருகிறாய் என்று மார்லிஸிடம் கேட்டேன்.

“உனக்கு வண்டி வேணுமா வேண்டாமா?” என்றாள்.

ஏறினேன். நடீனும் ஏறினாள். வானிலை முடிந்தது, கியர் விழுந்தது.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மார்லிஸின் மாணவர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதனால் கல்லூரி நிறுத்துமிடத்தில் அவள் வண்டி நிற்கக்கூடாது. எங்களை வாசலில் இறக்கிவிட்டு டிராக்டர் கடை ஓரத்தில் போட்டுக்கொண்டு, இரவெல்லாம் கிழவர்களைத் தூக்கிய களைப்பில் பின் இருக்கையில் சாய்ந்துவிடுவாள். சங்க அறைக்கு மட்டும் வர மறுத்துவிட்டாள். நாங்கள் முறை வைத்துக் காபி கொண்டு போவோம். கண்ணாடியைத் தட்டினால் விழித்து, யாரோ என்று ஒரு கணம் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் ட்ரீனா ஒரு வாரம் முறை மாற்றிக்கொண்டாள். சொன்னபடியே ஈஸ்டருக்கு முன்னால் இல்லத்துக்குப் பூட்டு விழுந்தது. அதற்கப்புறம் மார்லிஸ் நெடுஞ்சாலை மோட்டலில் படுக்கை விரிக்கப் போனாள். எங்களை இறக்கிவிட்டுத்தான் போவாள், வேலை முடிந்து வந்து ஏற்றிக்கொண்டுதான் வீடு திரும்புவாள். இந்த முதுகோடு எத்தனை நாள் என்று கேட்டால், முதுகு தன் பாட்டுக்கு வலிக்கிறது, அதை நான் ஒன்றும் கேட்பதில்லை என்பாள். பின்பக்கத்தில் அந்த அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. அதைத் தூக்கிப் போடச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

ஏப்ரல் கடைசி. சாலையெல்லாம் சேறும் கரைந்த பனியும். காலை ரேடியோவில் பள்ளிகளின் பெயர் வாசிப்பது நின்று வாரக்கணக்காகிவிட்டது. அன்றைக்கு நடீன் வரவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் எங்களுக்குப் பின்னால் வந்ததில்லை. ட்ரீனாவுக்கு அன்றைக்குத் தேர்வு. எனக்கும் தேர்வு.

மழை வரலாம், ஏரிப் பக்கம் மூடுபனி, “இன்னைக்கு அவ்வளவுதான்.”

மார்லிஸ் கியரைத் தொடவில்லை. ரேடியோவை அணைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். ரஸ் மறுபடியும் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தால் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

“இனிமே நான் எதுக்கும் லேட்டாக முடியாது, லீராய். உங்களுக்குத்தான் அவசரம். சொல்லு, போகட்டுமா?”

நான் ட்ரீனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாடப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். மலைக்குப் போ என்றேன்.

பாதி வழியிலேயே பார்த்துவிட்டோம். பாதை ஓரத்தில், சேற்றில், நடீன் இறங்கி வந்துகொண்டிருந்தாள். கோட்டு இல்லை. வீட்டில் போடுகிற துணிச் செருப்பு ஒன்று காலில் இருந்தது, இன்னொன்றைக் காணோம். தோளில் கல்லூரிப் பை. ஒரு கண் முழுவதும் மூடிக்கிடந்தது. எங்கள் வண்டியைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஏதோ தப்பு செய்து அகப்பட்டவள் மாதிரி, நேரமாச்சு இல்ல, நேரமாச்சு இல்ல என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

மார்லிஸ் இறங்கினாள். தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டாள். பின்கதவைத் திறந்து அங்கேயே உட்கார வைத்தாள். அட்டைப்பெட்டியை இழுத்து மூடியைத் திறந்தாள். பனி படாத அந்த வெள்ளை ஷூவை வெளியே எடுத்தாள். கரைந்த பனியில் முழங்காலிட்டு நடீனின் காலை மடியில் வைத்துச் சேற்றைத் துடைத்தாள். விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. இல்லத்தில் எத்தனையோ கிழவிகளுக்குச் செய்த அதே கை, அதே நிதானம்.

நடீன் காலை இழுத்துக்கொண்டாள். “வேண்டாம், மார்லிஸ். அது உங்களுது. அழுக்காயிடும்.”

“காலை நீட்டு, கண்ணு.”

நடீன் காலை நீட்டினாள். மார்லிஸ் கயிற்றை இழுத்துக் கட்டி, ஷூவின் நாக்கைச் சரி செய்து, கட்டைவிரல் எங்கே வருகிறது என்று மேலே அழுத்திப் பார்த்தாள்.

“அளவு சரியா இருக்கு,” என்றாள். “எழுந்து நில்லு.”